ஐம்பத்தெட்டு கிலோ

நடந்தவை, பட்டறையின் பதிவு நோட்டில் உள்ள வரிசைப்படி:

1. ஒருவர் தன் மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி ஒன்று வைத்துத் தரச் சொல்லி வந்தார். பெட்டிக்கு ஒரு சக்கரம். ஆக வண்டிக்கு மூன்று.

2. பொருத்தினோம். பெட்டியில் அவருடைய மனைவி உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு கிலோவுக்குச் சரிசெய்தோம். வண்டி நேராக ஓடியது.

3. அடுத்த எட்டு மாதங்களில் இருக்கைக்கு அடியில் ஏழு மணல் பொட்டலங்கள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. ஒரே நாளில் அல்ல, ஒவ்வொன்றாக.

4. ஒன்பதாவது மாதம் வண்டி இடது பக்கம் இழுத்தது.

5. மூன்று பொட்டலங்களை வெளியே எடுத்தேன்.

6. இருபத்திரண்டு நாள் கழித்து அந்த மூன்றையும் திரும்ப வைத்தேன்.

7. இப்போது பெட்டியில் இருபத்தாறு பொட்டலங்கள் இருக்கின்றன.

எல்லாம் என் கையெழுத்து. எதுவும் பொய் இல்லை. ஆனால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் எழுத வேண்டிய ஒரு வரியை நான் எழுதவில்லை.

அவர் முதல்முறை வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்கூட்டரின் பின் அச்சை அளந்துகொண்டிருந்தேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு அந்தப் பட்டறையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டை ஒரு துளை அதிகமாக இறுக்கியிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலாளியிடம் சொன்னார்.

"பொண்ணு நாப்பத்தொம்பது. செருப்பு இல்லாம."

எனக்குப் புரியவில்லை. முதலாளியைப் பட்டறையில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் சிரித்துவிட்டு, "எடையச் சொல்றாரும்மா. போய் ஏறிப் பாரு" என்றார். இரும்பு எடை போட வைத்திருக்கும் பலகைத் தராசில் ஏறி நின்றேன். நாற்பத்தொன்பது கிலோ, இருநூறு கிராம். இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். அந்த இருநூறு கிராம் இல்லை.

மில்லில் பஞ்சுப் பொதிகளை எடை போடும் இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். மில்லை மூடிவிட்டார்கள், பழக்கம் மூடவில்லை. யாரைப் பார்த்தாலும் எடை சொல்வார். டீக்கடைக்காரர், கொரியர் கொண்டுவருகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், யாராக இருந்தாலும். கேட்காமலே சொல்வார். ஒருமுறை ஸ்கூட்டரில் இறங்கிய ஒரு பெண்மணியிடம் "எழுவத்தாறு" என்று சொல்லி, "உங்க வூட்ல எல்லாரையும் இப்படித்தான் நிறுப்பீங்களா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பெண்மணிக்குத் தெரியாது, வீட்டில் ஒருவரை அவர் நிறுக்கவே மாட்டார். மனைவியின் எடையை அவர் சொன்னதில்லை. கட்டினவள் எடையைக் கட்டினவன் வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. மில்லில் எடைப் பிரிவில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தானாம். "பொதிய சொல்லலாம், ஊரையே சொல்லலாம். அவள மட்டும் சொல்லக் கூடாது" என்றார். பெட்டிக்கு அளவெடுக்க அந்த அம்மாவைப் பலகையில் ஏற்றியபோது அவர் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஐம்பத்தெட்டு என்று நான் சத்தமாகப் படித்துவிட்டேன். காதைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா பலகையில் நின்றபடியே குலுங்கிச் சிரித்தார்.

எங்கள் பட்டறையின் முக்கிய வேலை, நடக்க முடியாதவர்களின் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரங்கள் வைப்பது. ஊரே அதை மூன்று சக்கர வண்டி என்று சொல்கிறது. எண்ணினால் நான்கு வரும். நான் இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. உண்மையாகவே மூன்று சக்கரத்தில் நாங்கள் செய்து கொடுத்த வண்டி இவருடையது ஒன்றுதான்.

பாய் முதலில் மறுத்தார். "கால் நல்லாத்தானே இருக்குது உங்களுக்கு? அம்மாவுக்கு முடியலன்னா ஆட்டோவுல கூட்டிக்கினு போங்களேன். பேப்பர் வேலையே நாலு மாசம் இழுக்கும்."

பதில் சொன்னது அந்த அம்மா. வயிற்றில் கட்டி. அறுவை முடிந்து, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். பின் இருக்கையில் பிடித்துக்கொண்டு உட்கார உடம்பில் வலு இல்லை. "ஆட்டோவுல குலுக்கி எடுக்கறானுங்க பாய். அது ஒண்ணு. இன்னொண்ணு, கல்யாணம் ஆன நாள்லேருந்து இவர் வண்டி பின்னாடி உக்காந்து வரேன். முப்பது வருஷமா இவர் முதுகத்தான் பாத்துக்கினு வந்தேன். கொஞ்ச நாளைக்கு மூஞ்சியப் பாத்துக்கினு போறேனே."

"மூஞ்சியப் பாத்தா மனசு மாறிடப் போவுதும்மா" என்றார் பாய்.

"அதையும் பாத்துடுவோம். என்னா முசியே?"

அவரை அந்த அம்மா முசியே என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாவின் பிறந்த வீட்டில் பிரெஞ்சு பேசுவார்கள். இவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, ஐயா என்பதற்கு முசியேவும் நன்றி என்பதற்கு மெர்சியும் மட்டும்தான். இரண்டாவது வாரத்திலிருந்து பாயும் அவரை முசியே என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் மட்டும் சார் என்றேன்.

இந்த வண்டியின் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது சாயும். மூன்று சக்கரம் சாயாது. பெட்டி ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருவதால் வண்டியை எப்போதும் தன் பக்கம் இழுக்கும். அதனால் மோட்டார் சைக்கிளை வலது பக்கம் மயிரிழை சாய்த்து, பெட்டிச் சக்கரத்தை மயிரிழை உள்நோக்கித் திருப்பி, அந்த இழுப்பை அடித்துவிடுவோம். எவ்வளவு சாய்ப்பது என்பது பெட்டியில் இருக்கும் எடையைப் பொறுத்தது. ஐம்பத்தெட்டு கிலோவுக்குச் சரிசெய்த வண்டியில் எடை குறைந்தால் வலது பக்கம் போகும். கூடினால் இடது பக்கம் இழுக்கும். பெட்டி காலியாக இருந்தால் இடது திருப்பத்தில் அதன் சக்கரம் தரையைவிட்டே எழும்பும்.

ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தாளில் விதிகளை எழுதிக் கொடுப்பேன். முதல் விதி: வண்டி நிற்கும்போது காலைத் தரையில் ஊன்றாதீர்கள். கால் நல்லாயிருக்கிறவர்கள் செய்கிற தவறு இது. மூன்று சக்கரம் தானாக நிற்கும், ஆனால் முப்பது வருடம் பழகிய காலுக்கு அது தெரியாது. இவரும் ஒவ்வொரு சிக்னலிலும் வலது காலை ஊன்றினார். "தூக்குங்க முசியே. நானே விழாம உக்காந்துக்கினு இருக்கேன், நீங்க என்னாத்தத் தாங்கறீங்க?" என்பாராம் பெட்டியிலிருந்து. அதை அவர் என்னிடம் சொன்னபோது காது சிவந்திருந்தது.

இரண்டாவது விதி: பெட்டியைக் காலியாக ஓட்டாதீர்கள். இதை அவர் மீறவே இல்லை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் எங்கள் பட்டறைக்கு வந்து போக வேண்டுமென்றால், ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆள் தேடுவார். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகிற யாராவது.

"நீங்க எம்பத்தஞ்சி, வேணாம், இழுக்கும். நீங்க தம்பி? நாப்பது. ஒரு பை கனமா இருந்தா வாங்க."

அப்படி வந்து எங்கள் வாசலில் இறங்கிய ஒருவர் பாயிடம் ரகசியமாகக் கேட்டார். "சும்மா எறக்கி வுட்டாரு சார். காசும் வாங்கல. அம்பத்தொம்பதுன்னு சொல்லிட்டு கன்னத்துல தட்டுனாரு. மனுஷன் நல்லாத்தான் இருக்காரா?"

அந்த மூன்று மணி நேரங்களில்தான் மணல் பொட்டலங்கள் வந்தன.

முதல் பொட்டலத்தோடு வந்தபோது காரணம் சொல்லவில்லை. அவர் வீடு பிள்ளைச்சாவடியில், கடலுக்குப் பக்கம். கரை மணலை அள்ளி, சலித்து, மாடியில் காயவைத்து, மைதா மாவு வரும் துணிப்பையை வெட்டித் தைத்து நிரப்பியிருந்தார். எங்கள் பலகைத் தராசில் வைத்துப் பார்த்தார். சரியாக இரண்டு கிலோ.

"உக்கார்ற எடத்துக்கு அடியில இது தெரியாம வைக்கணும் எஞ்சினியரம்மா. அவ காலு படக் கூடாது. ஓட்டும்போது உருளக் கூடாது."

"எதுக்கு சார்?"

"வண்டி லேசா வலது பக்கம் போவுது."

இரண்டு கிலோ வித்தியாசம் கைப்பிடியில் தெரியாது. அதை அவரிடம் சொன்னேன். "கையில தெரியல. கண்ணுல தெரியுது" என்றார். அப்புறம் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் விளங்கியது. வாயால் சொல்லக் கூடாத எடையை அவர் மணலால் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கைக்கு அடியில் தகட்டில் ஒரு தட்டு செய்து, மூடி போட்டு, நான்கு போல்ட்டில் முடுக்கிக் கொடுத்தேன். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். தேதி, பொட்டலத்தின் எண், மொத்தம். மூன்று வாரம் கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே மாதத்தில் வந்தன. அந்தப் பக்கத்தை எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் தெரியவில்லை.

அந்த மாதங்களில் அவர் மற்றவர்களின் எடையைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பாய் மட்டும் ஒருநாள் வயிற்றைத் தட்டிக் காட்டி, "முசியே, நோன்பு முடிஞ்சி நான் எவ்ளோ?" என்று கேட்டார். "நல்லா இருக்கீங்க பாய்" என்றார் அவர். பாய் என்னைப் பார்த்தார். நான் வேலையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன்னால் எடை பார்த்து ஃபைலில் எழுதுவார்கள். ஒரு பக்கத்தைத் திருப்பினால் எல்லாம் தெரிந்துவிடும். அந்த ஃபைல் எப்போதும் அந்த அம்மாவின் துணிப்பையில் இருந்தது. அவர் ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை. கண் படும் என்பதால்தான் திறக்கவில்லையா, எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை.

இனி நோட்டின் நான்காவது வரி.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், பகல் பன்னிரண்டு மணி வாக்கில் இருவரும் வந்தார்கள். அந்த அம்மா பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்குத் தலையில் துண்டு, மடியில் துணிப்பை. இவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். வெல்டிங் நடந்துகொண்டிருந்த சத்தத்தில் அந்த அம்மாவுக்குக் கேட்காது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாலஞ்சி நாளா இடது பக்கம் இழுக்குதும்மா."

"மணல் ஏதாவது கூட வச்சீங்களா?"

"ஏழுதான். நீயே எழுதியிருக்கியே."

"டயர்ல காத்து?"

"பாத்துட்டேன். மூணும் சரியா இருக்குது." என் நோட்டைத் தொட்டார். "எவ்ளோ இழுக்குதுன்னு சொல்லவா? ஆறு கிலோ. மில்லுல பொதி வண்டி தள்ளுன கை இது, தப்பாது. ஆறு கிலோ ஏறியிருக்கா."

அவர் தன் மனைவியின் எடையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. சொல்லிவிட்டோம் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போல, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். ஆனால் சிரிப்பை அவரால் துடைக்க முடியவில்லை.

"பாத்தா அப்படித் தெரியலையே சார்" என்றேன்.

"கூடவே இருக்கறவன் கண்ணு பொய் சொல்லும்மா. பயந்த கண்ணு. வண்டி பொய் சொல்லுமா? நீதான் படிச்சிருக்கியே, சொல்லு. வண்டி பொய் சொல்லுமா?"

சொல்லாது என்றுதான் நான் படித்திருந்தேன்.

"மூணு பொட்டலத்த எடுத்துடு" என்றார். பாய் அவரை டீ குடிக்க எதிர்க்கடைக்கு அழைத்துப் போனார். சாலையைக் கடக்கும்போது டீக்கடைக்காரரைப் பார்த்து அவர் கத்தியது எனக்குக் கேட்டது. "எழுவத்தொண்ணு! போன மாசத்துக்கு ரெண்டு கூட!" பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரல் கேட்டது. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஒரு அளவை மாற்றுவதற்கு முன் அதை அளந்து பார்க்க வேண்டும். அது என் பழக்கம். அந்த அம்மாவைக் கைகொடுத்து இறக்கி, பலகைத் தராசில் நிற்கச் சொன்னேன். பையைத் தோளில் மாட்டியபடியே ஏறினார். ஐம்பது.

"பையக் குடுங்கம்மா, நான் வச்சிக்கிறேன்."

"இருக்கட்டும் பாப்பா."

"பையோட எடுத்தா கணக்கு சரியா வராதும்மா."

கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். வாங்கிய என் கை தாழ்ந்துபோனது. தராசைப் பார்த்தேன். நாற்பத்து நான்கு.

பைக்குள் ஃபைல் இருந்தது. அதற்கு அடியில், பழைய துண்டில் சுற்றி, அம்மிக் குழவி.

அந்த அம்மா தராசிலிருந்து இறங்கி, ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. இன்னொரு விஷயமும் அப்போது என் கண்ணில் பட்டது. புடவையை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, இடுப்பில் தடியாகச் சொருகியிருந்தார்.

"அவரு கண்ண பொடவைய சுத்தி ஏமாத்திடலாம் பாப்பா. வண்டிய எப்படி ஏமாத்தறது? நான் எளைச்சா வண்டி காட்டிக் குடுத்துடும்னு நீதானே சொன்ன, மொத நாள்? கொறைஞ்சா வலது பக்கம் போவும்னு. அதான் இத எடுத்துக்கினு வரேன். போன வாரத்துலேருந்துதான்."

"உங்களால தூக்க முடியுதாம்மா?"

"வூட்டு வாசல்லேருந்து பொட்டி வரைக்கும்தானே. தூக்கிடறேன்." துண்டை மறுபடி குழவியில் சுற்றினார். "அவருகிட்ட சொல்லிடாத. அந்த மனுஷன் ராத்திரி சோறு சாப்ட்டு எத்தினி நாளாச்சி தெரியுமா? இந்த நாலு நாளாத்தான் சாப்புட்றாரு. என்னான்னு தெரியல, ரெண்டு தடவ போட்டுக்கினாரு நேத்து."

என்ன என்று எனக்குத் தெரியும். பெட்டியின் இருக்கைக்கு அடியில் பதினான்கு கிலோ மணல் இருந்தது. அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. மடியில் ஆறு கிலோ கல் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி. அவருடைய கண் சரியாகத்தான் பார்த்திருந்தது: நாற்பத்து நான்கும் பதினான்கும் ஐம்பத்தெட்டு. ஒரு கிலோ பிசகவில்லை. அந்தக் கண்ணைப் பொய் என்றும் வண்டியை உண்மை என்றும் நம்பி அவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பொய்யான அளவை வைத்து வேலை செய்யக் கூடாது என்று டிப்ளமாவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் மூடியைக் கழற்றி மூன்று பொட்டலங்களை எடுத்தேன். அந்த அம்மா அந்தப் பக்கம் பார்க்காதபடி நான் நடுவில் நின்றுகொண்டேன். தட்டைச் சரிபார்ப்பதாகச் சொன்னேன். எடுத்த பொட்டலங்களை மேல் அலமாரியில் வைத்தேன். நோட்டில் ஐந்தாவது வரியை எழுதினேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

அவர் திரும்பி வந்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நூல் புடிச்ச மாதிரி போவுது" என்றார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நாப்பத்தெட்டு. எளைச்சிட்ட. ஒழுங்கா சாப்புடு. மெர்சி" என்றார்.

அந்த இருபத்திரண்டு நாட்களில் அவர் இரண்டு முறை வந்தார். வேலை எதுவும் இல்லை, சும்மா. ஒருமுறை எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தார். சந்தோஷமாக இருந்த ஒருவரைப் பார்த்து எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது அப்போதுதான்.

இருபத்திரண்டாவது நாள் காலையிலேயே வந்துவிட்டார். இன்ஜினை அணைக்கவில்லை. அந்த அம்மா பெட்டியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்துக்கு அடியில் தலையணை. மடியில் பை இல்லை. ஃபைல் மட்டும் காலடியில் தனியாகக் கிடந்தது.

"வலது பக்கம் போவுதும்மா." அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பிள்ளைச்சாவடியிலேருந்து இது வரைக்கும் புடிச்சிக்கினே வந்தேன். ஒரே நாள்ல ஆறு கிலோ. ஒரே நாள்ல போயிடுச்சி." கையை மடக்கித் தன் வாயிலேயே ஒரு குத்து விட்டுக்கொண்டார். "இதால வந்துது. இந்த வாயால. முப்பது வருஷம் சொல்லாதவன், அன்னிக்கி சொன்னேன் பாரு உன்கிட்ட. ஏறியிருக்கான்னு சொன்னேன் பாரு. கண்ணு வச்சிட்டேன்."

இன்னொரு முறை கையை ஓங்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறவே இல்ல சார்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கே நாப்பத்தி நாலுதான். நான் தராசுல ஏத்திப் பாத்தேன். நீங்க சொன்னதுனால ஒண்ணும் எறங்கல. உங்க கண்ணு சரியாத்தான் இருந்துது."

"அப்ப இழுத்துது?"

"பையில குழவி இருந்துது சார். எளைச்சது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா வச்சிருந்தாங்க. இன்னிக்கி தூக்க முடியல போலிருக்கு."

இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் அலமாரியிலிருந்து மூன்று பொட்டலங்களையும் எடுத்து வந்தேன். தூசி படாமல் இருக்கக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். அவர் அந்தக் காகிதத்தைத் தடவிப் பார்த்தார்.

"தனியா எடுத்து வச்சிருக்க."

"ஆமா சார்."

"திரும்ப வேணும்னு தெரிஞ்சி வச்சிருக்க."

"ஆமா சார்."

"அம்மி தனியா கெடந்துது வூட்ல" என்றார். "குழவி எங்கன்னு நான் கேக்கல. கேட்டிருக்கலாம்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ தூங்கறப்பவே வச்சிடு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத" என்றார். முன்பு அந்த அம்மா கேட்டதும் அதுதான். மூன்று பொட்டலங்களையும் வைத்து மூடினேன். அந்த அம்மா விழிக்கவில்லை.

அதற்குப் பிறகு பையை அவரே தூக்கிவந்து பெட்டிக்குள் வைத்தார். குழவியோடு. மூன்று வாரம் கழித்து வந்தபோது அந்த அம்மா என்னை அருகில் கூப்பிட்டு, காதோடு சொன்னார். "அவரே தூக்கிக்கினு வராரு பாப்பா. என்னா இவ்ளோ கனம்னு ஒரு வார்த்த கேக்கல. ஃபைலுன்னு நெனச்சிக்கினு இருக்காரு, பாவம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. வண்டிக்கு அந்தப் பக்கம் அவர் ஹெல்மெட்டின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அந்தக் கல்லின் எடைக்காக இடது பக்கம் இழுக்க வேண்டிய வண்டி இழுக்கவில்லை. நாற்பத்து நான்கு அதற்குள் முப்பத்தெட்டு ஆகியிருந்தது.

அந்த அம்மா இறந்தது அதற்கு அடுத்த மாதம். அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து வண்டியை ஒரு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காலியாக ஓட்டக் கூடாது என்ற விதிக்காக. பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பொட்டியக் கழட்டிடலாம் முசியே. ஒரு மணி நேர வேலை" என்றார்.

"வேணாம் பாய். ரெண்டு சக்கரத்துல எனக்கு ஓட்ட வராது."

"முப்பது வருஷம் ரெண்டு சக்கரந்தானே ஓட்டுனீங்க?"

"அப்ப பின்னாடி ஆள் இருந்துது."

வேறு ஒரு வழி இருந்தது, அதையும் சொன்னேன். காலிப் பெட்டிக்கு ஏற்றபடி சாய்வையும் சக்கரத்தையும் மாற்றி அமைத்துவிட்டால், இருபது கிலோ மணல் போதும். பெட்ரோலும் குறைவாகச் செலவாகும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்பத்தெட்டுக்கே இருக்கட்டும்மா. எதுக்கு வச்சமோ அதுக்கே இருக்கட்டும்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் பொட்டலங்களாகக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்துக் காட்டினார். எல்லாம் சரியாக இரண்டு கிலோ. ஏற்கெனவே இருந்த ஏழோடு சேர்த்து இருபத்தாறு ஆனதும் நிறுத்தினார். நான் கணக்குப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வேண்டும் சார் என்றேன். அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, துணிப்பையைக் கொண்டுவந்து இருக்கையின் மேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. நான் இப்போது அந்தப் பட்டறையில் முழுநேரமாக இல்லை. வரைபடம் போடவும் பேப்பர் வேலைக்கும் சனிக்கிழமைகளில் போகிறேன். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்ட வருவார். யாரையும் பெட்டியில் ஏற்றுவதில்லை. யாருடைய எடையையும் சொல்வதில்லை. சிக்னலில் நிற்கும்போது காலை ஊன்றுவதில்லை. அந்தப் பழக்கம் ஒருவழியாகப் போய்விட்டது.

போன சனிக்கிழமை வந்திருந்தார். நான் ஏழு மாதக் கர்ப்பம். என்னை ஒருமுறை பார்த்தார், வாயைத் திறந்தார், அப்புறம் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் வண்டியைச் சோதித்து நோட்டில் எழுதினேன். டயர் மூன்றும் சரி. போல்ட்டுகள் சரி. பொட்டலங்கள் இருபத்தாறு, குழவி ஒன்று, மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோ. வண்டி நேராக ஓடுகிறது.